மூழ்காத ஞானஸ்நானம்

என் மனைவி எட்டு ஆண்டுகள் எனக்காக ஜெபித்தாள். இது ரகசியமாக நடந்ததல்ல. அவள் போகும் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு விண்ணப்பங்களை ஒரு தாளில் எழுதி மைக்கில் வாசிப்பார்கள். அதில் நான் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வருவேன். எனக்கு முன்னால் ஒருவருடைய முதுகுவலி இருக்கும். பின்னால் இன்னொருவருடைய சிங்கப்பூர் விசா. "சகோதரியின் கணவர் தம்மை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்க" என்பது என்னைப் பற்றிய வாசகம். முதுகுவலி குணமானது. விசா வந்தது. தாளில் நான் மட்டும் நிலையாக இருந்தேன்.

நான் பிறப்பால் கிறிஸ்தவன். கைக்குழந்தையின் தலையில் தண்ணீர் தெளித்துப் பெயர் வைக்கும் சபை எங்களுடையது. அதற்கு என்னிடம் சான்றிதழ் இருக்கிறது, நினைவு இல்லை. மனைவியின் சபையில் அந்தச் சான்றிதழ் செல்லாது. சுயபுத்தியோடு, முழுதாகத் தண்ணீருக்குள் போய் எழுந்தால்தான் அங்கே ஞானஸ்நானம்.

புதுச்சேரியில் ஒரு பத்திரிகையில் இருபத்தொன்பது ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். மற்றவர்கள் எழுதியதை வெட்டுவதுதான் வேலை. ஐம்பது வயதில் விருப்ப ஓய்வு பெற்றதும் மனைவியின் ஊரான மரக்காணத்துக்குக் குடிவந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை ஸ்கூட்டரில் சபைக்குக் கொண்டுபோய் விடுவேன். உப்பளங்களை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு ஹால். உள்ளே போகாமல், வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். சபையில் பாதிப்பேர் உப்பளக் கூலிகள். மீதிப்பேர் பிரம்மதேசம் பக்கத்திலிருந்து வரும் விவசாயக் கூலிகள். ஒலிபெருக்கி கூரையில் இருந்ததால், வெளியே உட்கார்ந்ததில் எனக்குப் பெரிய பாதுகாப்பு ஒன்றும் கிடைக்கவில்லை.

வேறு வழியில்லாமல் சாட்சிகளைக் கேட்டேன். வாரம் நடந்ததை எழுந்து நின்று சொல்லி ஆண்டவருக்கு நன்றி சொல்வதுதான் சாட்சி. பழக்கதோஷத்தில் மனதுக்குள் திருத்திக்கொண்டே கேட்டேன். ஜனவரியில் வெறும் காய்ச்சலாக இருந்தது மார்ச்சில் டைபாய்டாகி, ஜூன் மாதம் டாக்டரே கைவிட்ட நிலைக்கு வந்துவிடும். அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். நிருபர்களும் இப்படித்தான், முதல் நாள் செய்தியை மூன்றாம் நாள் கொஞ்சம் பெரிதாக்கித்தான் அனுப்புவார்கள்.

ஒரு பெண்மணியின் சாட்சி மட்டும் வளரவே இல்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். உப்பளத்தில் பலகை போட்டு உப்பு வாரிக் கரைக்குச் சுமக்கிறவர். ஒவ்வொரு வாரமும் எழுந்து நின்று, "வேலைக்குப் போனேன். முட்டி வலி இருக்குது. அவரு கூட இருந்தாரு. ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு வருடம் கேட்டேன். வெட்டுவதற்கு அதில் ஒரு சொல் கிடைக்கவில்லை. முதலில் அது எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அவர் எழுந்திருக்கும் நேரத்தில் நாற்காலியைக் கதவுப் பக்கம் நகர்த்த ஆரம்பித்தேன். மழைக்காலத்தில் நாற்காலி உள்ளே வந்துவிட்டது. என் மனமாற்றத்தின் கதை இவ்வளவுதான். வெளிச்சம் எதுவும் தெரியவில்லை, குரல் எதுவும் கேட்கவில்லை.

அந்தப் பெண்மணியிடம் நான் பொறாமைப்பட்டது ஒன்றே ஒன்று. பேசும்போது அவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளவில்லை. எனக்கு அது ஒருபோதும் வாய்த்ததில்லை. என் அப்பாவை அடக்கம் செய்தபோது, குழி வெட்டியவரின் பனியனில் சிமென்ட் கம்பெனி விளம்பரம் இருந்ததைக் கவனித்தேன். எந்த எழுத்து தேய்ந்திருந்தது என்றுகூட இன்றைக்கும் சொல்வேன். அப்பாவின் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று கேட்டால் தெரியாது. எதற்கும் பக்கத்தில் நின்று பார்த்தே ஐம்பத்தொன்பது வயதாகிவிட்டது. ஒரு தடவையாவது உள்ளே போக வேண்டும் என்று நினைத்தேன்.

மனைவியிடம் சொன்னபோது அவள் வாசலில் உட்கார்ந்து கானாங்கத்தி கழுவிக்கொண்டிருந்தாள். எட்டு வருட ஜெபத்துக்குப் பதில் வந்திருக்கிறது, அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நெஜமாவா? இல்ல எழுதறதுக்கா?"

நிஜமாகத்தான் என்றேன்.

"எழுதறதுக்குன்னா முழுகத் தேவையில்ல. கரையில நின்னே எழுதலாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மீனை எடுத்தாள்.

நான் சொன்னது உண்மைதான். ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. அவள் கேட்ட பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பாஸ்டருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். கிளியனூர்க்காரர். ஊழியத்துக்கு வருமுன் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். ஒரு விஷயத்தை ஜெபித்து முடிவு செய்துவிட்டால் மாற்றமாட்டார் என்பது மட்டும்தான் அவரிடம் குறை. ஞானஸ்நானம் எடுப்பவர்களுக்கு நாலு வாரம் வகுப்பு நடத்தினார். நாங்கள் மூன்று பேர். நான், உப்பு லாரி ஓட்டும் ஒருவர், நர்ஸிங் படிக்கும் ஒரு பெண். மூழ்குவது என்பது அடக்கம், பழைய மனுஷனைப் புதைக்கிறோம் என்று விளக்கினார். "பொணத்தைப் பொதைக்கும்போது கையை மட்டும் வெளிய உட்டுட்டு மூடுவீங்களா பிரதர்? தலைலேர்ந்து கால் வரைக்கும் ஒரே நேரத்துல தண்ணிக்கு உள்ள இருக்கணும்." நான் 'ஒரே நேரத்துல' என்பதைக் குறித்துக்கொண்டேன்.

வழக்கமாகக் கடலில்தான் கொடுப்பார்கள். அந்த மே மாதம் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. மீனவர்களே கடலுக்குப் போகவில்லை. ஏரியில் தண்ணீர் இல்லை. தேதி குறித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. அப்போது சபை மூப்பர் ஒருவர், உப்பளத்தில் மேஸ்திரியாக இருப்பவர், ஒரு வழி சொன்னார். உப்பளத்தில் தண்ணீரை நேரே பாத்தியில் விடுவதில்லை. முதலில் பெரிய குட்டைகளில் தேக்கி, வெயிலில் வற்ற வற்ற அடுத்தடுத்த குட்டைக்கு மாற்றி, உப்பு ஏறிய பிறகுதான் பாத்திக்கு விடுவார்கள். அப்படிப்பட்ட குட்டை ஒன்றில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நிற்கிறது என்றார். பாஸ்டர் கண்ணை மூடி ஜெபித்தார். கண்ணைத் திறந்து, "அங்கயே வெச்சிக்கலாம்" என்றார்.

இந்த மேஸ்திரியின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். குட்டைத் தண்ணீரில் அதைப் போட்டு, எவ்வளவு உயரம் மிதக்கிறது என்று பார்த்துத்தான் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணக்கிடுவார். உப்பு ஏறினால் குழாயும் ஏறும். பொருள்கள் மிதப்பதை நம்பித்தான் அவருடைய வேலையே. ஹாலில் அன்றைக்கு இருந்த உப்பளக்காரர்கள் எல்லாருக்கும் அது தெரியும். எனக்கும் பள்ளிப் பாடத்தில் படித்த ஞாபகம் இருந்தது. கேட்கலாமா என்று வாய் வரை வந்தது. கேள்வி கேட்டே பிழைத்தவன், இந்த ஒரு காரியத்திலாவது கேட்காமல் கீழ்ப்படியலாம் என்று அடக்கிக்கொண்டேன். கிறிஸ்துவுக்கு நான் செய்த முதல் கீழ்ப்படிதல், அவசியமான ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதுதான்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. சபை முழுக்க வரப்பில் வரிசையாக நின்றது. நாங்கள் மூவரும் வெள்ளை உடையில். பிறகு கழுவிக்கொள்ள எங்களுக்காக ஒரு டிரம்மில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். குட்டைத் தண்ணீர் வெதுவெதுப்பாக, விரலால் தொட்டால் எண்ணெய்போல வழுக்கலாக இருந்தது.

லாரி டிரைவர்தான் முதலில் இறங்கினார். தொப்பை உள்ளவர். பாஸ்டர் நாமம் சொல்லி அவரைப் பின்பக்கமாகச் சாய்த்தார். தலை உள்ளே போனது, கால் இரண்டும் மேலே வந்தன. பாஸ்டர் காலை அழுத்தினார், தலை வந்துவிட்டது. வரப்பில் பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்தவில்லை, சத்தத்தைக் கூட்டினார்கள். மேஸ்திரி சட்டையோடு இறங்கி டிரைவரின் முட்டி மேல் உட்கார்ந்தார். நாலாவது முயற்சியில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். எழுந்தவர் கண்ணைத் திறக்க முடியாமல் தேம்பித் தேம்பி அழுதார். கண்ணில் உப்புத் தண்ணீர் போனால் யாரும் அழத்தான் செய்வார்கள். திண்டிவனத்திலிருந்து வந்திருந்த அவருடைய மாமியார், பாவ உணர்வு என்று நினைத்துத் தானும் அழுதார். நர்ஸிங் பெண் ஒல்லி. மேஸ்திரி முட்டியைப் பிடித்துக்கொள்ள, ஒரே அழுத்தில் போய்விட்டாள். அவளும் அழுதுகொண்டுதான் வந்தாள்.

என் முறை வந்தபோது பாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. மேஸ்திரி கரையேறிக் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். பாஸ்டர் தனியாகவே என்னைச் சாய்த்தார். முதுகு, தோள், காதுகள் வரை தண்ணீர் வந்து நின்றது. பாஸ்டர் மார்பில் கை வைத்து அழுத்தினார். மார்பு இறங்கியபோது முட்டி வந்தது. முட்டியைத் தள்ளியபோது வயிறு வந்தது. தவணை முறையில் நான் அடக்கம் செய்யப்பட்டேன். முகம் மட்டும் எந்தத் தவணையிலும் உள்ளே போகவில்லை. அந்த நேரம் முழுக்க நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று கொக்குகள் வடக்கே போயின. மூன்றாவது கொஞ்சம் பின்தங்கியிருந்தது. பாஸ்டரின் மேல்சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. என் அடக்கத்துக்கு நானே நேரடி சாட்சி.

பாஸ்டர் என்னைத் தூக்கி நிறுத்தினார். அல்லேலூயா என்றார்கள். கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் மூன்று பேர் இருக்கிறோம். இரண்டு பேருக்குக் கண் சிவந்து வீங்கியிருக்கிறது. நடுவில் நான், எழும்பூரில் ரயிலுக்குக் காத்திருப்பவனைப்போலத் தெளிவாக நிற்கிறேன்.

மதியம் ஹாலிலேயே சாப்பாடு. சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் 'முழுக்கு ஞானஸ்நானம்' என்று அச்சடித்திருந்தது. நிறையப் பேர் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, எட்டு வருஷம் காத்திருந்தீங்களே சிஸ்டர் என்றார்கள். அவள் எல்லாருக்கும் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பத்திரிகையில் தவறு வந்துவிட்டால் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு திருத்தம் போடுவோம். அந்தத் திருத்தங்களை எழுதும் வேலையும் பல ஆண்டுகள் என்னிடம்தான் இருந்தது. இந்தத் திருத்தத்தை மட்டும் எழுத முடியவில்லை. சொன்னால் பாஸ்டருக்கு அவமானம், மனைவிக்கு ஏமாற்றம். சொல்லாவிட்டால், நிஜமாகத்தான் என்று நான் சொன்னது பொய். வெள்ளிக்கிழமைத் தாளில் என் பெயர் எடுக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் யாருடைய கிட்னிக் கல்லோ வந்திருந்தது. எடுக்கப்பட்ட பிறகுதான் அந்த விண்ணப்பம் எனக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. ஜெபத்தில் முழங்கால் போட்டால் கொக்குகள் வந்தன.

இரண்டு வாரம் கழித்து, செய்தியை உறுதி செய்ய இன்னொரு ஆளைத் தேடினேன். அந்த உப்பளப் பெண்மணி வேலை முடிந்து ரோட்டோரம் ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு நான் முழுதாக உள்ளே போனேனா, பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"எல்லாருந்தான் பாத்தோம்ணா. மொகம் அப்டியே பலகை மாதிரி மேல கெடந்துச்சி."

"அப்ப ஏன் யாரும் சொல்லல?"

"பாஸ்டரு ஜெபிச்சி முடிவு பண்ணிட்டாரு. உப்புத் தண்ணி தூக்கும்னு அவருக்குத்தான் தெரியாது, ஆண்டவருக்குத் தெரியுமில்ல? அவரு சொல்லியிருப்பாருன்னு நெனச்சோம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க பேப்பர்ல இருந்தவரு. நீங்க கேட்டிருக்கலாமே" என்றார்.

ஆட்டோ வந்துவிட்டது. ஏறப் போனவர் திரும்பி, "வூட்ல அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.

அன்று சாயங்காலமே மனைவியிடம் சொன்னேன். பத்திரிகைத் திருத்தம் போலவே வந்தது. இன்ன நாள், இன்ன இடம், முகம் தண்ணீருக்குள் போகவில்லை, தவறுக்கு வருந்துகிறேன். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"தெரியும். கண்ணு செவக்கல."

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா உடனே சரின்னு கெளம்பிடுவீங்க. அது எனக்கு ஒப்புக்கொடுத்ததா ஆயிடும்" என்றாள். "நீங்களா சொல்றீங்களான்னு பாத்துக்கினு இருந்தேன்."

என் விண்ணப்பம் சபைத் தாளிலிருந்துதான் எடுக்கப்பட்டிருந்தது, அவளுடையதிலிருந்து இல்லை என்று அப்போது புரிந்தது.

மறுநாள் பாஸ்டரைப் பார்க்கப் போனேன். ஹாலில் ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடித்ததும் ஸ்குருடிரைவரைக் கீழே வைத்தார். எனக்கும் தெரியும் பிரதர், கைக்குத் தெரிந்துவிட்டது என்றார். மற்ற இரண்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள், மூன்றாவது ஆளை அழுத்தத் தனக்குப் பலம் இல்லை. இத்தனை பேருக்கு முன்னால் தன் தீர்மானம் தப்பு என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. சான்றிதழில் கையெழுத்துப் போட்டபோதிலிருந்து சரியாகப் பிரசங்கம் வரவில்லை. இதையெல்லாம் ஃபேனைப் பார்த்துத்தான் சொன்னார். நாலு வார வகுப்பில் சொல்லாத ஒரு பாடத்தை அவர் அப்போது எடுத்தார். எடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

அந்த ஞாயிறு, பிரசங்கத்துக்கு முன்னால் அவரே மைக்கில் சொன்னார். "அவசரத்துல ஒரு முடிவு எடுத்தேன். அதுக்கு ஜெபம்னு பேர் வெச்சிட்டேன். தெரிஞ்சவங்களக் கேட்டிருக்கணும்." மேஸ்திரி மட்டும், மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்ததைப்போல, "ஆமென்" என்றார். அந்தச் சபையில் அவ்வளவு மனப்பூர்வமான ஆமெனை நான் கேட்டதில்லை.

ஜூன் கடைசியில் ஒரு காலை கடற்கரைக்குப் போனோம். பாஸ்டர், நான், மனைவி, அந்த உப்பளப் பெண்மணி. வேறு யாருக்கும் சொல்லவில்லை, போட்டோவும் வேண்டாம் என்று விட்டோம். மீனவர் குப்பத்துக்குக் கொஞ்சம் வடக்கே இடம் பார்த்து இறங்கினோம். மணலில் ஏற்றி வைத்திருந்த ஒரு ஃபைபர் படகின் மேல் சிலர் உட்கார்ந்து வலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் இடுப்பளவுத் தண்ணீரில் கரையைப் பார்த்து நின்றார். கிளியனூரில் கடல் இல்லை. படகிலிருந்து ஒருவர், "ஏம்பா, கடலுக்கு முதுவக் காட்டிக்கினு நிக்காதீங்கப்பா" என்று கத்தினார். கரையில் நின்ற பெண்கள் இருவருக்கும் அது கேட்டிருக்கிறது. எங்களுக்கு அலைச் சத்தத்தில் கேட்கவில்லை.

பாஸ்டர் என் தோளில் கை வைத்து, "பிதா, குமாரன்..." என்றார்.

அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் எனக்குத் தெரியாது. அலை எவ்வளவு உயரம், எந்தப் பக்கமிருந்து வந்தது, எத்தனை விநாடி உள்ளே இருந்தேன் என்று கேட்டால் என்னிடம் தகவல் இல்லை. இருட்டாக இருந்தது. என்னை யாரோ முழுதாக எடுத்துக்கொண்டதுபோல இருந்தது. நான் கையையோ காலையோ எதிலும் ஊன்றவில்லை. இதற்கு மேல் எழுதினால் இட்டுக்கட்டுவதாக ஆகிவிடும்.

எழுந்தபோது பாஸ்டர் நாலடி தள்ளி மண்டியிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். உப்பளப் பெண்மணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உதவிக்கு இறங்கியிருந்தார். கண்ணாடி கிடைக்கவில்லை. பாஸ்டர் இருமிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"பிரதர், பரிசுத்த ஆவின்னு நான் சொல்லி முடிக்கல. இன்னொரு தரம்..."

"போதும் பாஸ்டர்" என்றேன். அடுத்தவர்களின் அரைகுறை வாக்கியங்களை முடித்துக் கொடுத்தே இருபத்தொன்பது வருடம் சம்பளம் வாங்கியவன். அந்த ஒன்றை அப்படியே விட்டுவிட்டேன். அவர் பிடிக்காமல் தலையசைத்தார். அன்று சாயங்காலத்துக்குள் அவரும் விட்டுவிட்டார்.

கரைக்கு வந்ததும் மனைவி துண்டால் என் தலையைத் துவட்டினாள். என் கண்களை அவள் பரிசோதிக்கவில்லை. காதில் தண்ணீர் போயிருக்கும், தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதிங்க என்றாள். குதித்தேன். இடது பக்கம், பிறகு வலது பக்கம். அறுபதை நெருங்கிய ஆள் ஈர வேட்டியோடு மணலில் ஒற்றைக் காலில் குதித்ததைப் பார்த்துப் படகின் மேல் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். ஒருவர் கூடவே எண்ணினாராம். இதெல்லாம் வீட்டுக்கு வரும் வழியில் மனைவி சொன்னது. நான் பார்க்கவில்லை.